எமில் அண்ணையின் படுக்கை

1

இதை எழுத எனக்கு ஆறு வருடம் பிடித்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனாலும் ஊருக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை, எழுதத் தெரியாது என்று சாட்டுச் சொல்ல மாட்டேன். வருடா வருடம் எமில் அண்ணையின் திதி முடிந்ததும் கொப்பியை விரித்து, மேலே "முருகா துணை" என்று போடுவேன். அடுத்த வரி வராது. மூடி வைத்துவிடுவேன்.

"என்ன, இந்த முறையும் முருகனோடையே நிண்டிட்டுதோ?" என்று மனைவி கேட்பாள்.

"அவருக்கு எல்லாம் தெரியும். பிறகேன் எழுதுவான்?"

"அவருக்குத் தெரியும். மற்றவைக்கு ஆர் சொல்லுறது?"

இந்த வருடம் அவள் கேட்கவில்லை. கொப்பியையும் பேனையையும் தானே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். கடைசிவரை வாசித்தால் உங்களுக்கும் தெரியவரும்.

நான் காரைநகர். சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் வேலை செய்துகொண்டு வந்து, அறுபதுகளின் நடுவில் ஜெர்மனியில் இறங்கியவன். கொலோன் நகரில் கம்பி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பிறகு மனைவியும் மகள் வதனியும் வந்து சேர்ந்தார்கள். நாலு மாடி வீடொன்றின் கீழ்த்தட்டில் இருக்கிறோம். படி கூட்டுவதும் குப்பைத் தொட்டியை வீதிக்கு எடுத்து வைப்பதும் என் பொறுப்பு. அதனால் எல்லா வீட்டுத் திறப்பும், சாவிக் கொத்தாக, என்னிடம் இருக்கும். இங்கே கோயில் இல்லை. சமையலறை அலுமாரிக்குள் ஒரு முருகன் படம், வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் இல்லை, காலையில் திருநீறு. என்னுடைய சமயம் அவ்வளவுதான். ஆனால் அதை ஒரு நாளும் விட்டதில்லை.

எமில் அண்ணை மூன்றாம் மாடியில் இருந்தவர். எங்கள் ஆள் அல்ல, எங்கள் சமயமும் அல்ல. அவருடைய தகப்பனார் ஆபிரிக்காவில் கமரூன் தேசத்தவர். அந்தத் தேசம் ஜெர்மன்காரரின் கையில் இருந்த காலத்தில் இங்கே வந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவர். அப்படிப் பிறந்தவர் எமில். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஆகவே ஊரிலிருந்து வரும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நான்தான் திதி செய்கிறேன். உருளைக்கிழங்கை உறைப்பில்லாமல் கறியாக்கிப் படைப்போம். முதன்முதல் எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்று, கண்ணீர் ஒழுக ஒழுக மனைவியைப் பார்த்து, "அம்மா, நான் உங்களுக்கு என்ன குற்றம் செய்தனான்?" என்று கேட்டவர். அவர் கதைத்தது ஜெர்மன் மொழியில். எனக்கு விளங்கினதை என் தமிழில் எழுதுகிறேன்.

2

அவரை நான் முதலில் கண்டது வீட்டில் அல்ல, வெளிநாட்டவர் அலுவலகத்தில். என் விசாவை நீட்ட ஆன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், கொடுக்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் கறுத்த, உயர்ந்த ஒரு பெரியவர், கையில் தொப்பியோடு. மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் காது கேளாதவரோடு கதைப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக உரத்துக் கேட்டான்.

"நீ. எங்கை. இருந்து. வாறாய்?"

"மூண்டாம் மாடியிலை இருந்து, ஐயா. லிஃப்ட் இல்லை. அதுதான் கொஞ்சம் பிந்திப் போச்சு."

அச்சுப் பிசகாத கொலோன் பேச்சு. வரிசை முழுக்கச் சிரித்தது.

"அதில்லை. எங்கை பிறந்தனி?"

"உங்கடை பெரிய தேவாலயத்துக்குப் பின்தெருவிலை."

"அப்ப ஏன் இந்த வரிசையிலை நிக்கிறாய்?"

"அதைத்தான் நானும் இவ்வளவு காலமாக் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவருடைய கடவுச்சீட்டை ஹிட்லரின் ஆட்கள் பறித்து, நாடில்லாதவர் என்று எழுதிய ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆட்சி போய் எத்தனையோ வருடம். அந்தச் சொல் மட்டும் போகவில்லை. அன்று இருவரும் ஒரே டிராமில் திரும்பினோம். ஒரே தரிப்பிடத்தில் இறங்கினோம். ஒரே வாசலுக்கு வந்தோம். நான் அங்கே குடிவந்த புதிது, அப்போதுதான் ஒரே வீட்டுக்காரர் என்று தெரிந்தது.

ரயில் நிலையத்தில் பெட்டி பாதுகாக்கும் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களின் பெட்டியைக் காத்தவர், தன் அறையில் தன் சனத்தின் காகிதத்தைக் காத்தார். நாலு சுவரும் தட்டுகள். ஜெர்மனிக்கு வந்து வாழ்ந்து செத்த கறுப்பு மக்களின் கடவுச்சீட்டு, கலியாணப் படம், பள்ளிக்கூட ரிப்போர்ட், ஞானஸ்நானப் பத்திரம், ஒரு விடுதி வாயிற்காப்போனின் வெள்ளைக் கையுறை. மிருகங்களைப்போல் வேலிக்குள் நிறுத்திக் காசுக்குக் காட்டப்பட்ட கறுப்பு மனிதர்களின் விளம்பரத் தாள்களும் இருந்தன. அவர்களின் உண்மையான பெயர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்ததும் ரயில் ஏறுவார். முதியோர் இல்லத்திலோ ஆசுபத்திரியிலோ அப்படி ஒரு கறுப்பு மனிதர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் போய்ப் பக்கத்தில் இருந்து, அவர் சொல்வதை எழுதுவார். சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். அழகாக்க மாட்டார். சொல்லிக்கொண்டு வருகிறவர் நடுவில் நின்றுவிட்டால் பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். நின்ற நேரத்துக்குத் தக்கபடி ஒரு வரியோ இரண்டு வரியோ வெறுமையாக விடுவார்.

"அதிலை என்ன வந்திருக்கும் எண்டு உங்களுக்கு விளங்கியிருக்குமே, அண்ணை? எழுதினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விளங்கும். ஆனால் அவை சொல்லாமல் விட்டது அவையின்ரை. அதை நான் எடுக்கேலாது."

ஒருமுறை, அந்தக் காகிதங்களை எங்கேயாவது ஒப்படைக்க, அவரோடு பைல் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதலில் நகரத்தின் பழைய ஆவணம் வைக்கும் இடம். இது எங்கள் ஊர்ச் சரித்திரம் அல்ல, பிறநாட்டுப் பொருள் வைக்கும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அங்கே போனோம். முகமூடி, மேளம், ஈட்டி இருந்தால் எடுப்போம், கடவுச்சீட்டு எடுப்பதில்லை என்றார்கள்.

"ஒரு ஈட்டியிலை இந்தப் பாஸ்போட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் எடுப்பியளோ?" என்று கேட்டார் எமில் அண்ணை.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரிக்கவில்லை. வெளியே படியில் அவர் மட்டும் இருமல் வருமட்டும் சிரித்தார். பிறகு பைலை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்துவிட்டார்.

"நாங்களும் இஞ்சை இருந்தனாங்கள் எண்டதுக்கு ஒரு அலுமாரி தரமாட்டினமாம்," என்றார்.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

3

ஒரு மாரிக் குளிரில் எமில் அண்ணைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் வந்தது. தூக்கிக்கொண்டு படியால் இறக்கும்போது, என்னிடம் ஏற்கெனவே ஒரு திறப்பு இருக்கிறது என்று தெரிந்தும் தன் திறப்பை என் கைக்குள் வைத்து அழுத்தினார்.

"ஒரு துண்டும் வெளியிலை போகக்கூடாது. சத்தியம் பண்ணு."

"முருகன்மேலை சத்தியம், அண்ணை."

"உன்ரை முருகனை எனக்குத் தெரியாது. உன்னைத்தான் தெரியும். உன்மேலை பண்ணு."

பண்ணினேன்.

ஆசுபத்திரியில் வாய்க்குள் குழாய் வைத்திருந்தார்கள், கதைக்க ஏலாது. நான் போனபோதெல்லாம் படுக்கையைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினார். பக்கத்தில் இருக்கச் சொல்கிறார் என்று நினைத்து இருந்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தட்டுவார். நான் இன்னும் கிட்ட இருப்பேன். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

தேவாலயத்தில் நாங்கள் நாலு பேர். மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். தட்டில் இருந்தவை எல்லாவற்றையும், அவர் வைத்த ஒழுங்கு குலையாமல், இருபத்து மூன்று பெட்டியில் அடுக்கி எங்கள் நிலவறைக்கு இறக்கினோம். மனைவி தன் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிச் சமையலறையில் போட்டு இடம் பண்ணினாள். ஒரு துண்டு தாள் படியில் விழவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அறையில் மிச்சம் இருந்தது அவருடைய படுக்கை.

எங்கள் பக்கத்தில் செத்தவர் கிடந்த பாயையும் தலையணையையும் உடுப்பையும் வீட்டில் வைத்திருக்க மாட்டோம். துடக்கு, தீட்டு. அதோடு, போகிற உயிர் தான் கிடந்த இடத்தையே சுற்றும் என்பார்கள். பிள்ளைதான் அதை வெளியேற்ற வேண்டும். எமில் அண்ணைக்குப் பிள்ளை இல்லை. இவ்வளவு காலமும் அலைந்த மனிசன், இனியாவது நிம்மதியாகப் போகட்டும் என்று நான் செய்தேன். காலையில் தலைமுழுகி, திருநீறு பூசி, பச்சைத்தண்ணீரும் குடியாமல் மேலே போனேன். அன்று வீதியில் பழைய தளபாடம் எடுக்க நகரசபை லொறி வரும் நாள்.

மெத்தை பாரமாக இருந்தது. குதிரைமயிர் மெத்தை என்றால் பாரம்தானே என்று நினைத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு நூலால் பெரிய பெரிய தையல். அதையும் கண்டேன். தைத்துக் கொடுக்க ஒரு பெண் துணை இல்லாத மனிசன் என்று மனம் இளகியது. அவ்வளவுதான்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கால் பிரிச்சுப் பாப்பமே?" என்று மனைவி கேட்டாள்.

"செத்தவரின்ரை படுக்கையைக் கிண்டுறதே? பாவம். பிடி அந்தப் பக்கம்."

இருவரும் தூக்கிக்கொண்டுபோய் வீதியோரம் வைத்தோம். தலையணையும் பழைய மேலங்கியும் அதன்மேல். லொறி வந்தது. அதன் பின்வாய் மெத்தையை உள்ளே இழுத்து நெரித்தது. வளைவில் திரும்பி மறையுமட்டும் கைகூப்பிக்கொண்டு நின்றேன். மனம் நிறைந்திருந்தது. பிறகு அறைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து விளக்கேற்றினேன்.

4

முப்பத்தோராம் நாள் படைப்பதற்கு அவருடைய படம் ஒன்று தேடி முதற்பெட்டியைத் திறந்தேன். மேலே தடித்த கொப்பி ஒன்று. அந்த நாள் ஜெர்மன் கையெழுத்து, எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. வதனியைக் கூப்பிட்டேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஜெர்மன் மொழியில் பதில் சொல்லத் தொடங்கியிருந்த காலம். எமில் அண்ணையோடு மட்டும் படியில் இருந்து மணிக்கணக்காகக் கதைப்பாள். என்ன கதை என்று எங்களுக்கு விளங்காது.

"இது பட்டியல், அப்பா. ஒவ்வொரு சாமானும் எங்கை இருக்கெண்டு எழுதியிருக்கிறார்."

"வாசி, பிள்ளை. பெட்டியோடை சரிபாப்பம்."

"பெர்லின் கலியாணப் படம், தட்டு ஒண்டு. கையுறை, தட்டு மூண்டு. சேர்க்கஸ் தாள், தட்டு ரெண்டு." எல்லாம் சரியாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. சில பக்கம் கழித்து அவள் குரல் மெலிந்தது.

"படுக்கை."

"என்ன?"

"படுக்கை எண்டு எழுதியிருக்கு, அப்பா. இதுவும் படுக்கை. இதுவும். இந்தப் பக்கம் முழுக்கப் படுக்கைதான்." கொப்பியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவரின்ரை படுக்கை எங்கை?"

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

வதனி கொப்பியின் முதற்பக்கத்துக்குப் போனாள். அங்கே அவர் எழுதியிருந்ததை எனக்காகத் தமிழில் மெல்ல மெல்லச் சொன்னாள். அந்தக் கெட்ட ஆட்சியில் மூன்றுமுறை வீட்டைச் சோதித்தார்களாம். தட்டைக் கொட்டினார்கள், பலகையைப் பெயர்த்தார்கள். ஒரு கறுப்பன் படுத்த மெத்தையில் கைவைக்க அவர்களுக்கு அருவருப்பாம். அதனால் மற்றவர்கள் நம்பிக் கொடுத்ததையெல்லாம் அதற்குள் வைத்துத் தைத்தேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை, இப்போதும் அதன்மேல்தான் படுக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அவர்களின் அருவருப்பு காப்பாற்றியதை என்னுடைய பக்தி அழித்தது. இதை நான் எந்தச் சாமியிடம் சொல்லி அழுவது?

வதனி அழவில்லை. எழும்பி நின்று, ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, தமிழில் திருப்பிச் சொன்னாள்: "நீங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை." அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு தமிழில் கதைத்தது மிகக் குறைவு. படிப்பு முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

நான் கொப்பியை முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்தேன்.

5

போன இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மணி அடித்தது. வாசலில் ஐம்பது தாண்டிய ஒரு பெண். மாநிறம், நரைத்த சுருள்முடி, நல்ல மேலங்கி. பெயர் கெர்டா என்றார். எமில் இங்கேதானே இருந்தார் என்று கேட்டார்.

உள்ளே கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தோம். கோப்பையைத் தொடாமலே சொன்னார். முதலாம் யுத்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் படை இந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தபோது, அதில் வந்த ஓர் ஆபிரிக்கச் சிப்பாய் அவருடைய தகப்பன். அப்படிப் பிறந்த பிள்ளைகளை ஹிட்லரின் காலத்தில் பிடித்துக்கொண்டுபோய், இனிமேல் பிள்ளை பெறமுடியாதபடி அறுத்துவிட்டார்கள். இவரையும். ஆசுபத்திரியிலிருந்து விடும்போது கொடுத்த சீட்டு ஒன்றுதான் சாட்சி. அதை எமிலிடம் கொடுத்தாராம். தன் வாயால் சொல்லியும் கொடுத்தாராம்.

"இப்ப ஒரு ஆன்ட்ராக் போட்டிருக்கிறன். எனக்குக் காசு வேண்டாம். இப்பிடி நடந்தது எண்டு அவையள் ஒரு தாளிலை எழுதித் தரட்டும். அதுக்கு அந்தச் சீட்டு வேணும். எமிலிட்டைப் பத்திரமா இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழும்பினேன்.

"கீழை பெட்டியள் இருக்கு. பாத்திட்டு வாறன்," என்றேன்.

இதைத்தான் இவ்வளவு காலமும் எழுத முடியவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது. பழைய குற்றத்தையே எழுத முடியாமல் இருந்தவனுக்கு இது புதுக் குற்றம். நான் நிலவறைக்குப் போனேன். இல்லை என்று தெரிந்தும் ஒரு மணி நேரம் பெட்டிகளைத் திறந்து மூடினேன். மேலே கேட்கட்டும் என்று சத்தமாகவும் இழுத்தேன். விசா நீட்ட அலுவலகம் தந்த டெர்மின், அந்தத் தவணை, அடுத்த மாதம், வம்பு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் பயந்தது அவருடைய முகத்துக்கு.

மேலே வந்து, "இல்லை, காணேல்லை," என்றேன்.

அவர் எழும்பி என் இரண்டு கையையும் பிடித்தார். "இவ்வளவு நேரம் தேடினதுக்கு நன்றி," என்றார்.

நான் கையை இழுக்கவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

அவர் போனபிறகு மனைவி கோப்பையை எடுத்துக் கழுவினாள். "உங்களோடை இனி இந்த வீட்டிலை விளக்கேத்த ஏலாது எனக்கு," என்றாள்.

6

மூன்று கிழமை கழித்து வதனிக்கு டெலிபோன் செய்தேன். வந்தாள். கொப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் கெர்டாவின் வீட்டுக்குப் போனோம். நான் தமிழில் சொன்னேன், வதனி மொழிபெயர்த்தாள். ஜெர்மன் மொழியில் சொன்னால் தெரியாத சொல்லுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம். தமிழில் ஒளிக்க எனக்கு இடம் இல்லை. படுக்கையைச் சொன்னேன். நிலவறையையும் சொன்னேன்.

கெர்டா திட்டவில்லை. கொப்பியை வாங்கி, விரலால் வரிவரியாகத் தேடித் தன்னுடைய வரியைக் கண்டுபிடித்தார். வதனி வாசித்தாள்: "கெ. ஆசுபத்திரிச் சீட்டு ஒன்று. அவர் சொன்னது, தாள் இரண்டு. அதில் ஏழு வரி வெறுமை. படுக்கை."

"ஏழு வரியா?" என்றார் கெர்டா. "அவ்வளவு நேரமா நான் பேசாமல் இருந்தனான்?"

அந்த வரியில் விரலை வைத்தபடி இருந்தார். கடைசியில் வதனியிடம் சொன்னார்: "நான் ஒரேயொரு தரம்தான் சொன்னனான். திரும்பச் சொல்ல ஏலாது எண்டு அப்பாவுக்குச் சொல்லுங்கோ."

கொப்பியை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பட்டியல் என்பது அத்தாட்சி ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். போன மாதம் கொப்பி தபாலில் திரும்பி வந்தது. உள்ளே கடிதம் இல்லை. இருபத்து மூன்று பெட்டியும் இன்னும் எங்கள் நிலவறையில்தான். கேட்டு எழுதிய இடங்களில் ஒன்றும் அவற்றை வேண்டுமென்று சொல்லவில்லை. நேற்றுத் திதிக்கு விளக்கை மனைவிதான் ஏற்றினாள். நான் வாசலில் நின்றேன்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களே, இதைப் பிரதி எடுத்து உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றையும் மாற்றாதீர்கள். பாவம், அறியாமல் செய்தவன் என்று ஒரு வரி சேர்க்க உங்களுக்கு மனம் வரும். சேர்க்கவேண்டாம். மனைவி பிரித்துப் பார்ப்போமா என்று கேட்டதை வெட்டவேண்டாம். நான் நிலவறையில் தேடுவதுபோல் நடித்ததையும், அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னதையும் விடவேண்டாம். அந்த இரண்டு தாளில் கெர்டா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்து எழுதுகிறவர்கள் இருப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஏழு வரி.